பாதி இலை

மூணாறு, 1977

தங்கச்சி,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

என் மகள் உடம்பு கனத்துத் தேயிலை மேட்டில் மூன்று தடவை மூச்சுமுட்டி விழுந்தாள். அதனால்தான் உடம்பு இளைக்க டாக்டர் குடலைக் குறைத்துத் தைத்தார். நீயோ அழகுக்குச் செய்துகொண்டாள் என்றாய்.

போன வருஷம் சர்ச்சில் நடந்த சபை அசன விருந்தில், அவள் பிள்ளைகள் பக்கத்திலிருக்க, பந்தியே கேட்கும்படி கத்தினாய்: "ஏலே, இவளுக்குப் பாதி இலை போடு. பாதிக் குடல்தானே இருக்கு!" அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள். நீ மறுபடியும் பாயசம் கேட்டு வாங்கினாய். எனக்கு மறக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் சபைப் பக்கமே வரவில்லை. இந்த வருஷம் அழுது கெஞ்சி, சோறு பரிமாற இழுத்து வருகிறேன்.

நீயும் வா. முழு இலை போட்டு உட்கார். அவள் சோற்று வாளியோடு உன்முன் நிற்கும்போது, பந்தியே கேட்க மன்னிப்புக் கேள். இல்லாவிட்டால் உன் இலையை நானே மடிப்பேன்.

உன் அக்கா