நான் அழித்த வாக்கியம்

அன்புள்ள தோழிக்கு,

இந்தச் சான்ட்ரிங்ஹாமில் வந்து குடியேறிய நம் பெண்களை டொக்டர் முன்னால் வாய் திறக்க வைத்தவள் நான்தான் என்று நம் ஆட்கள் சொல்லித் திரிகிறார்கள். அது பிழை. எந்தப் பிழையையும் திருத்தாமல் விடாத நான் இதை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

இன்று காலை பவானி வந்திருந்தாள். நம் வகுப்பில் முன்வரிசையில் இருந்தவள். வருகிற சனிக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். பையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினாள். "உங்கட அந்த ஒரு வசனத்துக்குத்தான் டீச்சர் இது." அவள் போன பிறகும் புதுப்பட்டின் வாசம் அறையை விட்டுப் போகவில்லை.

தொண்ணூற்று மூன்றில் வாடகை மண்டபத்தில் நாம் இருவரும் நடத்திய ஆங்கில வகுப்பு. நான் கொன்வென்ட் ஒழுங்கில் தொடங்கினேன்: எழுவாய், பயனிலை, தனி வாக்கியம், கூட்டு வாக்கியம், கலப்பு வாக்கியம். டொக்டரிடம் பேசுவதற்கென்று, 'தங்களுக்குச் சிரமமில்லையென்றால்' என்று தொடங்கும் நீண்ட கலப்பு வாக்கியம் ஒன்றை மனப்பாடம் செய்ய வைத்தேன். தேநீர் குடித்துவிட்டு வந்தால் கரும்பலகையில் உங்கள் கையெழுத்து: "ப்ளீஸ் ஸ்டாப். சே இட் அகெய்ன்."

"இது கட்டளை வாக்கியம். டொக்டருக்குக் கட்டளை போடுறதோ?"

"அக்கா, உங்க வாக்கியம் முடியறதுக்குள்ள டாக்டர் லஞ்சுக்குப் போயிடுவார்."

வகுப்பே சிரித்தது. நான் டஸ்டரை எடுத்து அழித்தேன்.

அடுத்த வாரம் பவானி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் வளர்ந்தவள். விளங்காததற்கும் 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டுவாள். வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழித்த அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தீர்கள். டீச்சர் ஏசுவா என்று அவள் பயந்ததும், டீச்சரே சொல்லச் சொன்னதாகச் சொல்லிவிட்டீர்கள்.

அவள் சொன்னாள். டொக்டர் பேனையை வைத்துவிட்டு மெதுவாக மறுபடி விளக்கினார். சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மாத்திரையாலும் குணப்படுத்தலாம் என்பதும் விளங்கியது. மாத்திரையைத்தான் கேட்டாள்.

"உங்க பேரைச் சொன்னாத்தான் அக்கா அவ வாயத் திறப்பா," என்று பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள். உண்மையை அவளிடம் நான் சொல்வேன் என்று காத்திருந்தீர்களோ, தெரியாது. ஒருநாளும் கேட்கவில்லை. போன குளிர்காலத்தில் உங்கள் செத்தவீட்டிலும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

சென்ற மாதம் கண் டொக்டர் வேகமாகப் பேசிக்கொண்டே போனார். என் வாயில் வந்தது உங்கள் வாக்கியம். நான் படித்த கலப்பு வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை.

சற்று முன் பவானிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப ஆருக்கு டீச்சர் போர்க்கிறது?" என்றாள்.

இந்த மடலை மாசி என்ற ஊரில் இருக்கும் உங்கள் மகளுக்கு அனுப்புகிறேன். பிள்ளை, சனிக்கிழமை வந்து உன் அம்மாவின் பொன்னாடையை வாங்கிக்கொள்வாயா? போனில் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பு. இந்த முறை அழிக்கமாட்டேன்.