நானூற்று எழுபதாம் அட்டை

அக்கா, என் பெரிய பேரன் கால்நடை டாக்டராகிப் பொள்ளாச்சியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சின்னவன் நீச்சலில் மாவட்டத்திலேயே முதல். மகள் வயிற்றுப் பேத்திக்கு வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. அவள் எந்தக் கம்ப்யூட்டர் பாஷையில் எழுதுகிறாள் தெரியுமா? கோபோலில்! மில்லில் நீங்கள் அட்டையில் துளை குத்தி எழுதிய அதே கோபோல்.

நேற்று அவளுடைய லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். இடது ஓரம் வெறுமையாக இருந்தது.

"முதல் ஆறு கட்டத்த உட்டுப்போட்டுத்தான் எழுதோணும்னு சொல்லிக் குடுத்தாங்க அம்மிச்சி. எதுக்குன்னு தெரியலீங்க."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஐந்தாவதோடு நின்ற எனக்கு அது தெரியுமே!

மில் கம்ப்யூட்டர் அறையைத் துடைக்க நான் சேர்ந்த புதிது. ஒரு நாள் காலையில் என் முழங்கை பட்டு, நீங்கள் குத்தி அடுக்கிய தட்டு கவிழ்ந்தது. அட்டைக்கு ஒரு வரியாக அறுநூறு அட்டை, தரையெல்லாம். பத்து மணிக்கு ஆபீசர் வருவார். வேலை போனால் கைக்குழந்தையோடு தொண்டாமுத்தூருக்கே திரும்ப வேண்டியதுதான். நான் அழுதேன். நீங்களோ கஞ்சி போட்ட சேலையோடு தரையில் உட்கார்ந்தீர்கள்.

"ஏனம்மணி, நம்பர் படிக்கத் தெரியுமல்ல? ஒவ்வொரு அட்டையிலயும் முதல் ஆறு கட்டம் வரிசை நம்பர்தான். கீழ விழுந்தா அடுக்கறதுக்குன்னே வெச்சிருக்காங்க. எடு."

அடுக்கிக்கொண்டே கதையும் சொன்னீர்கள். "இந்தப் பாஷை வாரதுக்கு அமெரிக்காக் கப்பற்படையில இருந்த ஒரு பொம்பளையும் காரணம். ஏவாரம் பண்றவங்க படிச்சாலே புரியோணும்னு, சாதா வார்த்தையில எழுத வெச்சாங்க."

"எனக்குப் புரியலீங்களே அக்கா."

"உனக்கு நம்பர் புரியுதல்ல? பேசாம அடுக்கு."

ஆபீசர் உள்ளே வந்தார். "ஏனுங்க, பல்லாங்குழியா?"

"ஆமாங்க, ஒரு கை கொறையுது. வாரீங்களா?" என்றீர்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நானூற்று எழுபது மட்டும் கிடைக்கவில்லை. என் ஈரத் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேறொன்று குத்திவிட்டு, நனைந்ததை என் கையில் கொடுத்தீர்கள். "வெச்சுக்கோ, உன்ற வேலையக் காப்பாத்துன நம்பர்." அந்த வேலையில்தான் மகளைப் படிக்க வைத்தேன்.

அந்த அட்டையை நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்துப் பேத்தியிடம் காட்டினேன். மேல் விளிம்பில் மங்கியிருந்த இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்தவள் துள்ளினாள். "அம்மிச்சி, இதே மாதிரி வரியத்தான் இன்னைக்குக் காத்தால நானும் எழுதுனேன்!"

இத்தனை வருஷம் வைத்திருந்தும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நூல் கிடங்குக்கு எழுதியதாம்: "இன்று வந்ததை இருப்போடு கூட்டு."

சாகும்வரை நீங்கள் இதைச் சொல்லவே இல்லையே, அக்கா. நானும் கேட்கவில்லை.

உங்கள் மகளுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். போன முறை அவள் அனுப்பிய போட்டோவில் உங்கள் பேரன் பால்குடிக் குழந்தை. இப்போது மீசை வந்திருக்குமே. எல்லோரும் சேர்ந்து நின்று புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் நானூற்று எழுபதின் பக்கத்தில் வைத்து, இருப்போடு கூட்டிக்கொள்வேன்.