கால் விரலில் ஒரு நூல்

பிள்ளையார்பாளையம்,
25-8-1971.

அன்புள்ள அண்ணனுக்கு,

லோகா எழுதுவது. அம்மா சுகம். மழை இல்லை. தெருக்குழாயில் விடிகாலையில் மட்டும் தண்ணீர். மற்றதை எழுதக் கை கொதிக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் முழுக்கப் படியுங்கள்.

என் ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். காது கேளாதவர்களின் குடும்பங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பேராசிரியர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். குறை எப்போது வந்தது? யார் பராமரிக்கிறார்கள்? அதைத் தூக்கிக்கொண்டு இந்த ஊரில் வீடு வீடாக ஏறினேன். எல்லா வீட்டிலும் பதில் சொன்னது காது கேட்கிறவர்கள். கேளாதவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ரேணுகா அக்காவைக் கடைசியாக வைத்திருந்தேன். அவளிடம் பேச எனக்குத் தாள் வேண்டாம்.

அவள் வீட்டுக்கு வந்தேன். தூளி காலி.

ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கூழ் ஊற்ற வந்தீர்கள். போகும்போது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அம்மா சம்மதித்தாளாம். தெருப் பெரியவர்கள் சரி என்றார்களாம். அக்காவை யார் கேட்டது? அவளைப் போலவே காது கேளாத அவள் வீட்டுக்காரர் முனிசாமி மாமாவை யார் கேட்டது? கையால் காட்டினோம், தலையாட்டினாள் என்கிறாள் அம்மா. போய்த் திரும்பி வருவது என்றுதான் நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். அதற்குத்தான் அவள் தலையாட்டினாள்.

வாசலில் நின்று நீங்கள் கத்தியதை எதிர்வீட்டு அங்கம்மாள் எனக்கு நடித்தே காட்டினாள். “கன்னுக்குட்டிய கட்டற மாதிரி பச்சைப் புள்ளைய கால்ல கட்டிப் போட்டுக்கினு நெய்யறாங்க, பாருங்கபா!”

நூல் இருந்தது, உண்மை. மாமா தறிக்குழியில் இருப்பார். சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள அக்கா பக்கத்தில் இருப்பாள். குழந்தை அவர்கள் முதுகுக்குப் பின்னால், பாயில். கழிவுப் பட்டு நூலில் ஒரு முனை குழந்தையின் கணுக்காலில், தளர்வாக. மறுமுனை அக்காவின் கால் கட்டைவிரலில். குழந்தை உதைத்தால் விரல் இழுபடும். அது சிணுங்கி முடிப்பதற்குள் அக்கா எழுந்துவிடுவாள். சித்திரையில் நான் கண்ணால் பார்த்தேன்.

சின்ன வயதில் அவளைக் கூப்பிடத் தரையைக் காலால் உதைத்தது யார்? நீங்கள்தான். பெங்களூர் போனதும் மறந்துவிட்டதா?

பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தாளாம். இப்போது கொல்லைக்குப் போய்ப் பீய்ச்சிவிட்டு வந்து தறியில் உட்காருகிறாள். “பேச்சு வர வேணாமா? இதுங்க கிட்ட இருந்தா அதுவும் ஊமையா நின்னுக்கினு இருக்கும்மா” என்கிறாள் அம்மா. அக்காவைப் பெற்றவள் சொல்கிறாள். தெரு முழுக்க வாய்கள், அண்ணா. பேச்சுக்கா இங்கே பஞ்சம்?

பிள்ளையில்லாத அண்ணியின் ஆசை எனக்குத் தெரியும். அதை இந்தக் கடிதத்தில் இழுக்கக்கூடாது என்றிருந்தேன். இழுத்துவிட்டேன்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. குழந்தை நாயகி அழுவதே இல்லை, முகத்தையே வெறித்துப் பார்க்கிறாள், ஆள் நகர்ந்தால் ஓயாமல் காலை உதைக்கிறாள். டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்கிறார், மூளையில்தான் சந்தேகம் என்கிறார். பயத்தில் அண்ணிக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துக் காட்டியதும் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தில் மாட்டினாள்.

மூளைக்கு ஒன்றுமில்லை. அவள் கூப்பிடுகிறாள். அழுதால் யாரும் திரும்பாத வீட்டில், உதைத்தால் அம்மா வருகிற வீட்டில் பிறந்தவள். இத்தனை நாளாக அங்கேயும் உதைத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் இரண்டு பேருக்கும் நல்ல காதுகள். ஒருவரும் போகவில்லை.

அக்காவுக்குக் கடிதத்தைக் கையால் சொன்னேன். தறியை அறுத்துப் போடுவாள் என்று நினைத்தேன். நானாயிருந்தால் அறுத்திருப்பேன். அவள் உதைப்பதை மட்டும் திரும்பக் காட்டச் சொன்னாள். காட்டினேன். இன்னொரு முறை கேட்டாள். பிறகு குனிந்து கால் விரலிலிருந்து நூலை அவிழ்த்தாள். குழந்தை போன பிறகும் அவள் அதைக் கழற்றவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த நூல் இந்த உறையில் இருக்கிறது. அவள் கை சொன்னதை அதே வரிசையில் எழுதுகிறேன். இது அண்ணிக்கு. ஒரு முனை பாப்பா காலில். இறுக்காதே. ஒரு முனை உன் விரலில். இழுத்தால் போ. முகத்தைக் காட்டு. நான் வரும்வரை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா, மாமா, நான் மூவரும் வருகிறோம். குழந்தையின் துணிகளை எடுத்து வையுங்கள். நீங்களும் அண்ணியும் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுத இன்று என்னால் முடியவில்லை. அக்கா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இன்றைக்கே கட்டுங்கள், அண்ணா.

உங்கள் தங்கை,
லோகாம்பாள்