எந்த ஈயம்?

1938 யூலை 12, செவ்வாய்

இன்றைக்கும் இரண்டு சாடி உடைந்தது. கொட்டாஞ்சேனைக்கு ரபீக்காவிடம் கொண்டுபோன கூடை. ரிக்ஷா குலுங்கிய குலுக்கலில் கண்ணாடியும் கிறீமும் ஒன்றாய்ப் போயிற்று. வெள்ளவத்தையிலிருந்து அவ்வளவு தூரம் மடியில் வைத்துக்கொண்டு போனதெல்லாம் வீண். ரபீக்காதான் என் பருக் கிறீமைத் தன் பக்கத்து முஸ்லிம் வீடுகளுக்குள் கொண்டுபோய் விற்றுத் தருகிறவள். கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, சாடியில் விற்கிற வரைக்கும் பாதி கிறீம் ரோட்டுக்குத்தான் என்றாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் சொன்னது சரி.

கோட்டையில் உள்ள பெரிய கடையில் அழகுச் சாமான் பகுதியைப் பார்க்கிற பறங்கிப் பெண் மேபலும் போன கிழமை இதையேதான் சொன்னாள். கிறீம் நல்லதாம், தங்கையின் முகத்தில் பரு போய்விட்டதாம். ஆனால் விரல் விட்டுத் தோண்டுகிற சாமானைத் தன் கண்ணாடி அலுமாரியில் வைக்கமாட்டாளாம். பற்பசை மாதிரி டியூபில் கொண்டு வா, நிரப்பி வைத்தும் கெடாது என்று காட்டு, நத்தார்ப் பண்டிகைக்கு முன் இடம் தருகிறேன் என்றாள்.

தருவாள். ஏன் தரமாட்டாள்? கந்தகம் போட்டும் கந்தகம் மணக்காத கிறீம் செய்யத் தெரிந்தவள் இந்தக் கொழும்பில் நான் ஒருத்திதான். கலியாணத்துக்கு முன் மருந்துச்சாலையில் நின்று மருந்து கலந்தது சும்மாவா?

இவருக்குக் காங்கேசன்துறைக்கு மாற்றம் வந்திருக்கிறது. விருப்பமா இல்லையா என்று ரயில்வேக் கந்தோருக்கு நவம்பர் முடிய முன் சொல்லவேண்டும். போனால் சம்பளம் கூட, வீடும் தருவார்கள். எல்லாம் சரி, அங்கே போய் என் கிறீமை யாருக்கு விற்பது? கடல் அலைக்கா? மேபல் இடம் தந்தால் இங்கேயே இருப்போம், தராவிட்டால் மூட்டை கட்டுவோம் என்று இருவரும் கதைத்து முடிவுசெய்திருக்கிறோம். நான் மூட்டை கட்டப்போவதில்லை.

யூலை 15

மாதிரி டியூப் கேட்டு இங்கிலீசில் இரண்டு கடிதம் போட்டாயிற்று. ஒன்று லண்டனுக்கு, ஒன்று பம்பாய்க்கு. வெறும் டியூப் ஒவ்வொரு டசின் அனுப்புங்கள், என்ன உலோகம், உள்ளே மெழுகு பூசியதா, மூடி எதனால் செய்தது, வாலை எப்படி மடிப்பது, எல்லாம் கேட்டிருக்கிறேன். உள்ளே என்ன போடப்போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அது என் சொத்து.

இவர் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன கனகா, மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதின மாதிரியெல்லோ கிடக்கு. பொருத்தம் பார்க்கிறீரோ?"

ஓம், பொருத்தம்தான். சில உலோகத்துக்கும் சில மருந்துக்கும் ஒத்துவராது. வெளியே பார்த்தால் இலட்சணமாக இருக்கும், உள்ளே வைத்து மூடி ஒரு மாதம் போனால்தான் குணம் தெரியும். எங்கள் சாதகத்தைப் பார்த்த சாத்திரியாரும் இவ்வளவு கேள்வி கேட்டிருந்தால் நல்லாயிருக்கும் என்றேன். மனிசன் பேப்பரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

யூலை 18

நிலாம் நானாவின் கடைக்குப் போனேன். ரபீக்காவின் மச்சான். கொட்டாஞ்சேனையில் தூண்டில், கயிறு, வலைச் சாமான் விற்கிறவர். மதராசிலிருந்து எதையும் எடுப்பித்துத் தருவார் என்று ரபீக்கா கூட்டிக்கொண்டு போனாள்.

அவருக்கு இங்கிலீசு ஓடாது. பற்பசை டியூப் செய்கிற உலோகத்தை இங்கிலீசுப்படி 'டின்' என்று சொல்ல வாயெடுத்தேன், நல்ல காலம் நிறுத்திக்கொண்டேன். சொன்னால் மனிசன் பிஸ்கட் டின் கொண்டுவந்து வைப்பார்! ஆகவே நல்ல தமிழில், ஈயத்தில் செய்த டியூப் வேணும் என்றேன்.

"ஈயத்திலயேவா தங்கச்சி? பாரமா இரிக்குமே."

பாரமோ பஞ்சோ, எனக்கு ஈயம்தான் வேணும், வேறொன்றும் வேண்டாம் என்று நறுக்கென்று சொன்னேன். வியாபாரத்தில் வழவழ கொழகொழ என்று கதைத்தால் ஒன்றும் நடக்காது.

ஓகஸ்ட் 19

லண்டன்காரர் டியூப் அனுப்பவில்லை, கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே போடுவது என்னவென்று தெரியாமல் எந்த டியூப் பொருந்தும் என்று சொல்லமுடியாதாம். நல்ல மரியாதையாக எழுதியிருக்கிறார்கள், அதுதான் இன்னும் கோபம் வருகிறது. இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு 'கந்தகம் உண்டு' என்று மட்டும் பதில் எழுதினேன். மற்றதெல்லாம் என்னோடு.

ஓகஸ்ட் 26

நிலாம் நானாவின் டியூப்தான் முதலில் வந்தது! லண்டனும் பம்பாயும் இருக்கட்டும், கொட்டாஞ்சேனை முந்திவிட்டது. மங்கல் நிறம், ஆனால் என்ன மென்மை. வால் பக்கத்தால் கிறீமை நிரப்பி, குறட்டால் மடித்து நசுக்கினால் சொன்னபடி கேட்கிறது. கொஞ்சம் பாரம்தான். பாரமென்றால் வாங்குகிறவளுக்குக் கை நிறைந்த மாதிரி இருக்கும்.

சோதனைக்குப் பிரித்து வைத்தேன். சில அடுப்படிப் பரணில், சூட்டுக்கு. சில கடல் பக்க ஜன்னலில், உப்புக் காற்றுக்கு. ஒன்று ரபீக்காவின் வீட்டில். ஒன்று இவருடைய கோட்டுப் பையில், தினமும் ரயிலில் கோட்டைக்குப் போய் வரட்டும். குலுக்கலுக்கும் ஆள் வேண்டுமே.

"கந்தோரில ஆரும் கண்டால் என்ன சொல்லுறது?"

உங்கள் பருவுக்கு என்று சொல்லுங்கோ என்றேன்.

செப்டெம்பர் 6

பம்பாய் டியூப் வந்தது. அலுமினியம். பார்க்கப் பளபள.

செப்டெம்பர் 27

பம்பாய் மாப்பிள்ளை சரிவரவில்லை. என் கிறீமில் உள்ள காரம் அலுமினியத்தை அரித்துவிட்டது. வயிறு ஊதி, ஊசித் துவாரம் விழுந்து, கிறீம் வியர்த்தமாதிரிக் கசிகிறது. தள்ளு.

நிலாம் நானாவின் ஈயம் ஆடவில்லை அசையவில்லை. வெளியே ஒரு மாசு மறு கிடையாது. எனக்கு முதலே தெரியும்.

ஒக்டோபர் 5

மேபலிடம் மூன்று டியூப் கொடுத்துவிட்டேன்! காலக்கெடு வரைக்கும் ஏன் இருக்கவேண்டும்? அழுத்திப் பார்த்தாள், மூடியைத் திருகிப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. மேசை லாச்சியில் வைத்திருக்கிறாள். ஒன்றை முதலாளியின் துரைசானிக்குக் கொடுக்கப்போகிறாளாம், அந்த அம்மா ஓம் என்றால் அலுமாரி என்னுடையது. திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பம்பலப்பிட்டி வந்தும் இன்னும் வெள்ளவத்தை வரவில்லையே என்று இருந்தது.

ஒக்டோபர் 10

இவருடைய கோட்டுப் பை உள்ளே கரிக்கோடு கோடாக இருக்கிறதாம். பென்சிலைக் கூர் சீவியபடி பைக்குள் போட்டால் வேறென்ன வரும்? எல்லாவற்றுக்கும் என் டியூப்தானா?

ஒக்டோபர் 14

பரணில் இருந்த டியூபை அழுத்தினேன். வாயில் சாம்பல் நிறமாக ஒரு நூல். அடுப்புப் புகை. துடைத்துவிட்டு வைத்தேன்.

புகைதானே?

ஒக்டோபர் 18, செவ்வாய்

புகை இல்லை.

மத்தியானம் ரபீக்கா வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை. நோன்புப் பெருநாளுக்கு விற்கலாமென்று நினைத்துத் தன்னிடமிருந்த டியூபைக் காலையில் திறந்தாளாம். ஒரு வெற்றிலையில் அழுத்திக் காட்டினாள். கன்னங்கரேல் என்று வந்தது.

"இது கண்ணுக்குப் போடவா கனகா, மொகத்துக்குப் போடவா? சுறுமா எண்டு செல்லித் தந்தா நான் அப்பவே வித்திருப்பேனே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரணில் இருந்தது, ஜன்னலில் இருந்தது, எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் பிளந்தேன். எல்லாம் கறுப்பு. வெறும் டியூப் ஒன்றை எடுத்துக் கடதாசியில் இழுத்தேன். பென்சில் மாதிரிக் கோடு விழுந்தது. காரீயம்! கந்தகமும் காரீயமும் சேர்ந்தால் கறுக்கும் என்று மருந்துச்சாலையில் சேர்ந்த முதல் மாதமே படித்தவளல்லவா நான்? கறுப்பது கிடக்கட்டும், அது நஞ்சு. பொம்பிளைப் பிள்ளைகள் முகத்தில் பூசுகிற சாமான்.

மேபலின் லாச்சியில் மூன்று இருக்கிறது. ஐயோ, அந்தத் துரைசானி.

ரபீக்கா போகும்போது என் தோளில் கைவைத்து, யாருக்கும் பூசக் கொடுக்கவில்லை, பயப்படாதே என்றாள். அந்தப் பிள்ளைக்குக் கோயில் கட்டவேண்டும்.

ஒக்டோபர் 19

விடிந்ததும் நிலாம் நானாவின் கடைக்குப் போய் நின்றேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். ஏமாற்று என்றும் சொன்னேன். மனிசன் அசையவில்லை. வலையில் கட்டுகிற குண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"நீங்க ஈயம் எண்டு கேட்டீங்க. பாரமா இரிக்கும் எண்டு நான் சென்னேன். ஈயம்தான் வேணும் எண்டீங்க. இந்தா, இதுதான் ஈயம்."

அவருடைய தேத்தண்ணிக் கோப்பை பக்கத்தில் இருந்தது, பித்தளைக் கோப்பை. உள்ளே வெள்ளையாக மினுங்கியது. அதைக் காட்டி, எங்கள் வீட்டில் இதைத்தான் ஈயம் என்போம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறது என்றுதானே சொல்லுவது என்றேன்.

"அது கலாய். கலாய் எண்டு செல்லியிருந்தா நான் கலாய் எடுத்துத் தந்திருப்பேனே தங்கச்சி."

கலாய்! ஒரே ஒரு சொல். பிறந்த நாள் தொடங்கி எனக்கு ஈயம் என்றால் பாத்திரத்துக்குள் பூசுகிற வெள்ளை ஈயம். அவருக்கு ஈயம் என்றால் வலைக்குண்டு. இரண்டு பேரும் தமிழ்தான் கதைத்தோம். மனிசன் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்திருந்தாலும் பார்த்த உடனே பிழை தெரிந்திருக்கும். என் கெட்டித்தனத்தைக் கொண்டுபோய்க் கடலில் போடவேண்டும், குண்டும் கட்டத் தேவையில்லை.

ஏமாற்று என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார், அந்தக் கோப்பையிலேயே.

ஒக்டோபர் 20

மேபலிடம் போனேன். போகாமல் இருக்க வழி இருந்தது: ஒரு கடிதம், ஒரு சாட்டு, பாதையில் வந்த காய்ச்சல். எனக்கு அப்படிப் பழக்கமில்லை. துரைசானி நுவரெலியாவிலிருந்து இன்னும் வரவில்லை, மூன்று டியூபும் லாச்சியிலேயே இருந்தன. ஒன்றை அவள் முன்னால் பிளந்து காட்டினேன். ஈயக் கதையையும் சொன்னேன். இங்கிலீசில் சொன்னால் அது பகிடியே இல்லை, இரண்டும் இரண்டு சொல்.

சாமானைத் திருப்பி வாங்க வந்த ஆள் நீதான் முதல் என்றாள். கோபமில்லை. ஆனால் நத்தார் அலுமாரிக்கு வேறொரு முகப்பவுடரைப் போட்டாயிற்றாம். வருடம் பிறந்தபின் வா, பார்ப்போம் என்றாள்.

பார்ப்போம். நவம்பர் முடிய முன் இவர் பதில் சொல்லவேண்டும். ரயிலில் கடலைப் பார்த்தபடி இருந்தேன், கண் எரிந்தது. உப்புக் காற்று என்று எழுதலாம். இல்லை, அழுதேன்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைக் கழற்றிப் பையைப் புரட்டிக் காட்டினார். கரிக்கோடு.

"பென்சில் எண்டு சொன்னீர்."

பிறகு கோட்டை ஆணியில் மாட்டினார்.

நவம்பர் 2

லண்டன் பெட்டி வந்தது, வெள்ளை ஈயம்! எடுத்த கைக்கே வித்தியாசம் தெரிகிறது, இலேசு. வெள்ளி மாதிரி வெளிச்சம். உள்ளே மெழுகும் பூசியிருக்கிறது. கந்தகம் என்று எழுதினபடியால் இதைத் தெரிந்தெடுத்தோம் என்று ஒரு துண்டுக் கடதாசியும் வைத்திருக்கிறார்கள். முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் செப்டெம்பரில் வந்திருக்கும். சரி, சரி.

கடதாசியில் இழுத்தேன். கோடு விழவில்லை. நிரப்பி மடித்தேன். பரண், ஜன்னல், ரபீக்கா. இவருடைய கோட்டைத் தேடினேன், அவரே வந்து கையை நீட்டினார்.

நவம்பர் 15

ரபீக்கா ஆள் அனுப்பினாள்: 'வெள்ளை.' அவ்வளவுதான் செய்தி.

நவம்பர் 26, சனி

இன்றைக்கு நானே கதையை எடுத்தேன். மேபல் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் பேசினபடி பார்த்தால் அலுமாரி இல்லை, நான் தோற்றமாதிரித்தான். போவதென்றால் போவோம் என்றேன். வாயால் சொன்னேனே தவிர, இந்தக் கொழும்பை விட்டுப் போக எனக்குத் துண்டாக விருப்பமில்லை.

இவர் கோட்டுப் பையிலிருந்து டியூபை எடுத்து மேசையில் வைத்தார். நடுவில் பிளந்திருந்தது. உள்ளே கிறீம் பால் மாதிரி.

"நேற்றுக் கந்தோரில பேனாக்கத்தியால வெட்டிப் பார்த்தனான். காங்கேசன்துறைக்கு வரேல்லை எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று சண்டைக்குப் போனேன்.

"ரயிலில கொண்டு திரிஞ்சது நான்தானே. பொருத்தம் எனக்கும் தெரியும்."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

1939 சனவரி 17

மேபல் கேட்கிறாள், எப்போது கொண்டு வருவாய் என்று. அலுமாரியில் இரண்டாவது தட்டு. நான் பிளந்து காட்டிய கறுப்பு டியூபின் கதையைக் கேட்டுத்தான் துரைசானி ஓம் என்றாராம்.

பெப்ரவரி 11, சனி

டியூப் இனிப் பெட்டிப் பெட்டியாக வேணும். லண்டனிலிருந்து துறைமுகத்துக்கு வருவதை எடுத்துத் தரும் வேலையை நிலாம் நானாவிடம்தான் கொடுத்தேன். மனிசன் ஒழுங்கானவர், பிழை என்னுடையது.

உட்கார்ந்ததும் பேசவில்லை. வலைக்குண்டை ஒரு பக்கம் வைத்தார், தேத்தண்ணிக் கோப்பையை ஒரு பக்கம் வைத்தார். இப்போது யார் வந்து ஈயம் கேட்டாலும் இப்படித்தான் வைக்கிறாராம்.

"எந்த ஈயம் தங்கச்சி?"

நான் கோப்பையில் விரலை வைத்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

ரபீக்காவின் தெருவில் என் கிறீமுக்குக் 'கலாய் கிறீம்' என்று பெயராகிவிட்டதாம். டியூபில் 'கனகா' என்று அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன், யார் கவனிக்கப் போகிறார்கள்.

வரும் வழியில் வீட்டுச் சொந்தக்காரரைக் கண்டு சொல்லிவிட்டு வந்தேன்: மே மழைக்கு முன் பின்னறைக் கூரையின் ஒழுக்கை அடைத்துத் தரவேண்டும், பெட்டிகளை அங்கேதான் அடுக்கப்போகிறேன்.