இரும்பு சுருங்கும் சத்தம்

நாள் 2. காலை 08:10

காற்று முள் ஒன்பதில் நிற்கிறது. தண்ணீர் இருக்கிறது. விளக்கு எரிகிறது.

இந்த நோட்டை யார் எடுத்தாலும் அவர்களுக்கு: என் பெயர் முப்பிடாதி. நிலாவில் பதினாலாம் நிலையத்துச் சமையல்காரி. ஐந்தாவது வரை படித்தவள். தினமும் நடந்ததை எழுதச் சொல்லி பூமி அலுவலகம் உத்தரவு. எழுதுகிறேன். பிழை இருந்தால் அவர்களே வந்து திருத்திக்கொள்ளட்டும்.

பழைய ஆட்கள் நான்கு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். புது ஆட்களைக் கப்பல் கொண்டுவரும் வரை காவலுக்கு நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். அவருக்குப் பம்பு அறையில் வேலை. நேற்றுக் காலை வானத்திலிருந்து கல் விழுந்தது. கண்ட்ரோல் ரூம் நொறுங்கிப் போனது. பம்பு அறைச் சுவரில் ஓட்டை. அவர் உள்ளே இருந்தார்.

பூமி அலுவலகத்தார் ரேடியோவில் கத்தினார்கள்: "கதவ மூடுங்கம்மா! மூடலன்னா நீங்களும் போயிருவீங்க!"

மூடினேன். இந்தக் கையால். நாலு நிமிடத்தில் உள்ளே காற்று தீர்ந்துபோனது என்று பிறகு சொன்னார்கள். அவர் பெயர் சுடலைமுத்து. புருஷன் பெயரை எழுதிப் பழக்கமில்லை. பதிவுக்கு வேண்டுமாம்.

நாள் 2. காலை 11:30

மிச்சம் இருப்பது ஒரு பழைய லேப்டாப். ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனப் பொட்டு அதன் மூடியில் இன்னும் இருக்கிறது. நேற்று அலமாரியிலிருந்து விழுந்ததில் திரையின் வலது பாதி கறுத்துவிட்டது. கப்பலுக்கு வழிகாட்டும் சிக்னலின் பச்சைப் பட்டன் அந்தக் கறுத்த பாதியில்தான் இருக்கிறதாம். இடம் மாற்றவும் முடியாதாம். யாரோ பெரிய படிப்புப் படித்தவர் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்.

ஒன்பதாம் நாள் மாலை நான்கு மணிக்குக் கப்பல் மேலே வரும். சிக்னல் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். அதனால் சாப்பாட்டு அறை மானிட்டரைக் கழற்றி லேப்டாப்பில் மாட்ட வேண்டும். மாட்டினேன். "சிக்னல் இல்லை" என்கிறது மானிட்டர். "வேறு திரை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை" என்கிறது லேப்டாப். கண் முன்னால் வாசல் அளவுக்கு நிற்கிறது, அதைக் காணவில்லையாம்.

உதவிக்கு ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். பெயர் நிரஞ்சன். "ஒரு ஆளுக்குப் பத்து நாள் காத்து இருந்துச்சும்மா, பயப்படாதீங்க. கதவுப் பக்கத்துல இருக்க மஞ்ச வால்வ மட்டும் தொட்டுறாதீங்க. தொட்டா உங்க காத்து அந்தப் பக்கம் போயிரும்."

கதவுக்குள் டங் டங் டங் என்று சத்தம் கேட்கிறது என்றேன். பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு, "குளிர்ல இரும்பு சுருங்குற சத்தம்மா அது. கண்டுக்காதீங்க."

நாள் 3. காலை 09:00

காற்று எட்டு.

நிரஞ்சன் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதைத் தாண்டி அவருக்கு மூளை ஓடாது.

"கேபிளக் கழட்டி முப்பது நொடி கழிச்சு மாட்டுங்கம்மா." மாட்டினேன். "ரெண்டையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." பண்ணினேன். "மானிட்டர் பின்னாடி ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கி எச்டிஎம்ஐன்னு வைங்க." வைத்தேன். "ஜன்னல் படம் போட்ட கீயையும் பி கீயையும் சேத்து அமுக்குங்க." அமுக்கினேன். "டிரைவர அப்டேட் பண்ணணும், இன்டர்நெட் இருக்காம்மா?"

இன்டர்நெட். பெரிய ஆண்டெனா நொறுங்கி, பேசுகிற ரேடியோ மட்டும் மிஞ்சிக் கிடக்கிற நிலாவில். ஏன் தம்பி, பக்கத்துக் கடையில் போய் வாங்கி வரட்டுமா என்றேன். அதற்கும் பட்டியலைப் புரட்டினார், காகிதச் சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடித்திருப்பார். கடைசியாகப் பேசியது உப்பைப் பற்றி. குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் பதில் சொல்லவில்லை.

நாள் 4. காலை 10:20

காற்று ஏழு. கேபிளை மாற்றினேன். இல்லை. மானிட்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை.

இரும்பு ஓயாமல் தட்டுகிறது. மும்மூன்றாக. என் சமையலறையிலும் இரும்பு இருக்கிறது, அது மூன்று மூன்றாகச் சுருங்கி நான் பார்த்ததில்லை. கேட்டால் உலோகங்களைப் பற்றி ஒரு பாடமே எடுத்தார் நிரஞ்சன். எனக்கு எரிச்சல். கரண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவில் மூன்று போடு போட்டேன். சும்மா கிட சனியனே என்றேன்.

உடனே பத்துப் பன்னிரண்டு தடவை படபடவென்று அடித்தது. சொன்னேன். "கரண்டி பட்ட அதிர்வும்மா" என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்.

நாள் 5. பகல் 12:15

காற்று ஆறு.

பெரிய அதிகாரி இரங்கல் செய்தி அனுப்பியிருந்தார். நிரஞ்சன் வாசித்தார். "தன்னலமற்ற ஊழியர் திரு. சுடலைமணி..." மணி. ஆள் பெயரே தெரியாதவர்களுக்கு அழுகை வந்திருக்கிறது. முத்து என்று திருத்தினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்தார்.

மானிட்டர் பற்றிக் கேட்டேன். "அவசரம் இல்லம்மா, இன்னும் நாள் இருக்கு."

நாள் 7. காலை 08:40

காற்று நாலு.

நேற்று மாலையிலிருந்து சத்தம் இல்லை. இரும்புக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது. பூமிக்குச் சொன்னேன். "சரிம்மா" என்றார் நிரஞ்சன்.

ஆனால் இன்றைக்குத் திடீரென்று சுறுசுறுப்பு. ஐந்து நாள் ஆடி அசைந்து பேசிய ஆள் மணிக்கொரு முறை கூப்பிடுகிறார். "எப்படியாவது இன்னைக்கு மானிட்டர வர வச்சிரணும்மா. வந்ததும் பச்சைப் பட்டன மட்டும் அமுக்குங்க. மத்ததெல்லாம் பழைய குப்பை, படிக்க வேண்டாம்."

நான் எதைப் படித்தால் இவர்களுக்கு என்ன கவலை? ஐந்தாம் வகுப்புக்காரி படித்தால் திரை தேய்ந்துவிடுமா?

நாள் 9. காலை 09:05

காற்று இரண்டு. பட்டியல் தீர்ந்துவிட்டது. இரண்டாம் தடவையாக முதலிலிருந்து வாசிக்கிறார். ரேடியோவை அணைத்துவிட்டு டார்ச் அடித்து லேப்டாப்பின் ஓரத்தைப் பார்த்தேன். கேபிள் மாட்டுகிற பொந்துக்குள் மஞ்சளாக என்னமோ.

சந்தனம்.

ஆயுத பூஜை அன்று அடுப்பு, பம்பு, கதவு, லேப்டாப் என்று எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே போனேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "ஏட்டி, மூஞ்சியில வையி. காதுல போயி அப்புத" என்று சிரித்தார். நான் எரிச்சலில் இன்னும் ஒரு விரல் அதிகமாகவே அப்பினேன்.

எட்டு நாளாக இவ்வளவு பெரிய அலுவலகம் கண்டுபிடிக்காதது இதுதான். நான் கண்டுபிடிக்காததும்.

நாள் 9. காலை 09:50

தாலிச் செயினில் கிடந்த ஊக்கால் சுரண்டினேன். தூள் தூளாக உதிர்ந்தது. வாயால் ஊதிவிட்டுக் கேபிளை மாட்டினேன். மானிட்டர் கண்ணை மூடித் திறந்தது. படம் வந்துவிட்டது.

வலது பக்கம் கீழே பச்சைப் பட்டன். அதற்கு மேலே ஒரு பெட்டி. தலைப்பு: பம்பு அறை.

நாள் 9. காலை 10:30

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

நாள் 1, 10:40. "ஏட்டி, உயிரோடதான் இருக்கேன். ஓட்டைய தகடு வச்சு அடச்சிட்டேன். வெல்டிங் ஆக்ஸிஜன் ரெண்டு சிலிண்டர் இருக்கு. இங்க இருந்து எதையும் தொறக்க முடியல. மஞ்ச வால்வத் தொற, போதும்."

நாள் 2, 11:00. "பாத்தியா இல்லியா? கதவத் தட்டுதேன், கேக்கா?"

நாள் 4, 10:25. "கரண்டிச் சத்தம் கேட்டுச்சு! உன் அடி எனக்குத் தெரியாதா? நல்லாருக்க, அது போதும். வால்வத் தொற."

நாள் 5, 13:00. "கோவமா? உப்பு இல்லன்னு சொன்னதுக்கா? சும்மா சீண்டுனேன் ட்டி. உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

நாள் 6, 17:20. "யோசிச்சுப் பாத்தேன். ரெண்டு பேருன்னா கப்பல் வாரதுக்குள்ள காத்து தீந்துரும். அதான் நீ தொறக்கல. சரியாத்தான் செஞ்சிருக்க. வெசனப்படாத. ஒழுங்காச் சாப்பிடு."

ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி. நிலையம்: படிக்கவில்லை. பூமி: படித்தாயிற்று. பம்பு அறைக்குத் தனி ஆண்டெனா உண்டு. அது வழியாக எல்லாம் பூமிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. முதல் செய்தியைப் பூமி படித்த நேரம் 10:41.

நாள் 9. பகல் 13:10

இரண்டரை மணி நேரம் என்ன செய்தேன் என்று எழுதப் போவதில்லை. அது பதிவுக்குத் தேவையில்லை.

ரேடியோவைப் போட்டேன். நிரஞ்சனிடம் நாள் ஆறு, ஐந்து இருபது என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவர், "அம்மா, எழுதிக் குடுத்தத வாசிச்சேன்மா. மேல உள்ளவங்க கணக்குப் போட்டாங்க. ஒருத்தராவது பொழைக்கணும்னு..."

கணக்கு எனக்கும் வரும். பத்தை இரண்டால் வகுத்தால் ஐந்து. ஐந்து நாள். என்னைக் கேட்டிருந்தால் அந்த ஐந்தை எடுத்துக்கொண்டிருப்பேன். கேட்கவில்லை. சமையல்காரியிடம் என்ன கேள்வி. நான்தான் திறக்க மாட்டேன் என்று முடிவெடுத்ததாக நினைத்துக்கொண்டு அந்த மனுஷன் போயிருக்கிறார். அந்த எண்ணத்தோடு. சரியாகத்தான் செய்தாய் என்று எனக்கு ஆறுதல் வேறு.

உங்கள் படிப்பில் என் வீட்டுக் குப்பையை அள்ளிப் போடக்கூட மாட்டேன்.

நாள் 9. மாலை 15:20

"அம்மா, பட்டன அமுக்குங்கம்மா, கப்பல் நெருங்கிருச்சு. பெட்டி ஒண்ணு வரும், அதுல நிலையம் 14னு மட்டும் அடிங்க. அது எல்லாக் கப்பலுக்கும், எல்லா நிலையத்துக்கும் போகும், அதனால வேற எதையும்..."

பாவம், உளறிவிட்டார். அமுக்கினேன். பெட்டி வந்தது. ஒற்றை விரலால் அடித்தேன். என் வீட்டுக்காரருடைய ஐந்து செய்தியும், நேரத்தோடு, பூமி படித்த நேரத்தோடு. கடைசியில் என் வரி ஒன்று: நான் பார்க்கவில்லைங்க. பார்த்திருந்தால் திறந்திருப்பேன்.

நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்தச் சொல்லி ரேடியோவில் ஒரு புதுக் குரல் அதட்டியது. பெரிய அதிகாரி போலிருக்கிறது. கேபிளைக் கழற்றி முப்பது நொடி கழித்து மாட்டிப் பாருங்கள் ஐயா என்று சொல்லி அணைத்துவிட்டேன்.

நாள் 9. மாலை 15:55

கப்பல் அலைவரிசைக்கு மாற்றி ரேடியோவைப் போட்டேன், கப்பல்காரர் வந்தார். "பதினாலு, உங்க சிக்னல் கெடச்சிருச்சு, எறங்குறோம்." பிறகு, "அம்மா, இத யாரு எழுதுனது? எல்லா நிலையமும் கேட்டுட்டு இருக்கு."

என் வீட்டுக்காரர் சுடலைமுத்து என்றேன். முழுப் பெயரை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

நாள் 9. மாலை 16:05

மஞ்சள் வால்வைத் திறந்துவிட்டேன். காற்று உஸ்ஸென்று போனது. முள் இரண்டிலிருந்து இறங்கி ஒன்றில் நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. ஒழுகல் இல்லை. அவர் வைத்த தகடு பிடித்துக்கொண்டிருக்கிறது.

கரண்டியால் கதவில் மூன்று தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன்.

மறுபடியும் மூன்று தட்டினேன். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

குளிர் அன்றைக்கு இருந்த அதே குளிர்தான். கதவும் அதே கதவு.

இரும்பு சுருங்கவில்லை.