லேப்டாப்புக்கு வைத்த சந்தனம்

அக்டோபர் 3, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். ஆயுத பூஜை முடிந்து இன்றுதான் ஆபீஸ் திறந்தோம். மேஜையெல்லாம் பொரி.

லேப்டாப்பில் இணையம் இல்லை. முதலாளி அண்ணாச்சி போனில் ஹாட்ஸ்பாட் போட்டும் எடுக்கவில்லை. வைஃபை பட்டியலே காலி. செய்தவை:
போனை அணைத்துப் போட்டது.
லேப்டாப்பை அணைத்துப் போட்டது, மூன்று முறை.
பாஸ்வேர்டை மாற்றியது.
திட்டியது.

பதினோரு வருடமாக இந்தக் கப்பல் ஏஜென்சியில் எது மக்கர் செய்தாலும் "ஏலே முருகேசா" என்றுதான் அண்ணாச்சி குரல் கொடுப்பார். இன்று, "ஏளா ஜெனிட்டா, நீ நாளைக்கு வந்து பாரு" என்றார். அவள் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வயிறு எரிந்தது.

திங்கள் நிலக்கரிக் கப்பல். மேலே ஏறி, கேப்டனிடம் காகிதங்களை வாங்கி, அங்கிருந்தே லேப்டாப்பில் அனுப்புவது இதுவரை என் வேலை. இந்தத் தடவை லேப்டாப்பைச் சரி செய்கிற ஆளைத்தான் அண்ணாச்சி கூட்டிப் போவாராம்.

அக்டோபர் 4, சனி

ஜெ. எனக்கு முன்பே வந்துவிட்டாள். லேப்டாப்பைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள். ஹேர்பின்னால் சுரண்டினாள். காய்ந்த சந்தனம். அதற்கடியில் வைஃபை சுவிட்ச். பொட்டு வைத்த விரல் பட்டு அது அணைந்து, சந்தனம் காய்ந்து அப்படியே இறுகியிருக்கிறது. தள்ளிவிட்டதும் வைஃபை பட்டியல் வந்துவிட்டது.

விரல் என்னுடையது. மூடியில் ஒன்று வைத்தால் போதாதா? பக்திப்பழமாக நாலு பக்கமும் அப்பியிருக்கிறேன்.

"அண்ணே, இங்கன ஒரு சுவிட்ச் இருக்கு, பாத்தியளா?" மெதுவாகத்தான் கேட்டாள்.

அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். "யாருலே சரி பண்ணுனது?"

"முருகேசண்ணந்தான், அண்ணாச்சி."

நானும் தலையை ஆட்டிவைத்தேன். "அதான பாத்தேன்" என்று முதுகில் தட்டினார். திங்கள் நான்தான்.

சந்தோஷப்பட முடியவில்லை. அவளுக்கு வேலையும் தெரிகிறது, விட்டுக்கொடுக்கவும் தெரிகிறது. ஒரு குறை வேண்டாமா மனுஷிக்கு? மதியம் சாளை மீன் குழம்பு வேறு தந்தாள். நன்றாக இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

மனைவியிடம் ஜெ.யைப் பற்றிக் குறை சொல்ல உட்கார்ந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. "கொலுசு சத்தம் ஜாஸ்தி" என்றேன்.

"ஒமக்கு ஏன் அவ கால்ல கண்ணு?" என்றாள்.

அக்டோபர் 6, திங்கள்

வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணாச்சி கையில் புதுப் போன், மகன் வாங்கிக் கொடுத்தது. கப்பலில் காகிதமெல்லாம் தயார். ஆனால் புதுப் போனின் ஹாட்ஸ்பாட் லேப்டாப்பில் தெரியவே இல்லை. மாலுமிகளின் போன் பெயரெல்லாம் வருகிறது, இது மட்டும் வரவில்லை. சுவிட்சைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கேப்டன் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"என்னலே, அன்னைக்கு ஒரு நிமிசத்துல சரி பண்ணுன?"

தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று அண்ணாச்சியின் புதுப் போனோடு ஒதுங்கினேன். என் போனில் ஜெ.யைக் கூப்பிட்டேன். வேறு வழியில்லை.

"புதுப் போனா அண்ணே? நம்ம லேப்டாப் பழசுல்லா. ஃபைவ் ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல இருந்தா அதுக்குத் தெரியாது. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸ்ல போயி டூ பாயிண்ட் ஃபோர்னு மாத்துங்க."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. மாற்றினேன், உடனே எடுத்தது. எல்லாக் காகிதமும் போய்ச் சேர்ந்தது.

ஏணியில் இறங்கும்போது அண்ணாச்சி கேட்டார். "சாதிச்சுட்டலே. ஆமா, யார்ட்ட போன்ல பேசுன?"

"வீட்டுல" என்றேன்.