நாடி பிடித்த கைக்கு வந்த தீர்ப்பு

வளம் பொலிக. முத்துக் குளிப்போரும் உப்பு விளைப்போரும் தாயென அழைக்கும், கழிமுக நாட்டின் செங்கோலுக்குரிய மாட்சிமை மிக்க அரசியார் கயல்நங்கையார் திருமுன், வெண்குன்ற வேந்தரின் ஆணையால் அறமன்றத் தலைமை ஏற்றுள்ள, முன்பு அரச பள்ளியில் ஆசானாயிருந்து ஓய்வுபெற்ற ஓமையூர்ப் பெருஞ்சாத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் கழியும் கலமும் இனிது வாழ்க. தங்கள் துறைமுகத்தில் ஒன்பது பேருக்குக் கூடுதலாய் உலை வைக்கச் சொல்லுக. எம் நாட்டில் சிறைப்பட்ட தங்கள் படகோட்டிகள் ஒன்பதின்மரும் உயிரோடு விடுதலை பெற்றனர்.

இம்மகிழ்ச்சி விளைந்த வகையை மறைக்காமல் உரைத்தல் எம் கடன். எல்லைப்போரில் பிடிபட்ட அவர்களை ஒற்றர் என ஐயுற்று, எம் படைத்தலைவன் வதைத்து ஒப்புதல் வாங்கினான். வதையால் பெற்ற சொல் எம் நாட்டில் செல்லாது. ஒப்புதல் தந்தவர் உடல்நலத்தோடு இருந்தே அதைச் சொன்னார் என மருத்துவர் ஒருவர் நாடி பார்த்து மன்றில் உறுதி கூறல் வேண்டும். அவ்வுறுதியைக் கூசாமல் கூறியவர் அரண்மனைத் தலைமை மருத்துவர் விடங்கர். அதனை மெய்யெனக் கொண்டு முந்தைய மன்றம் ஒன்பதின்மருக்கும் கொலைத்தண்டம் விதித்தது. படைத்தலைவனோ போரிலேயே மாண்டான். தண்டம் நிறைவேறுமுன் வங்கன் என்னும் படகோட்டி வேந்தரிடம் முறையிட்டதால், வழக்கு எம்மிடம் வந்தது.

விடங்கர் பட்டுடுத்தி வந்து நின்று, துன்பம் நேர்ந்தது எனத் தொடங்கினார். துன்பம் தானாக நேராது, செய்தவர் பெயரோடு சொல்லுக எனப் பணித்தோம். உடனே மாண்டவன்மேல் அனைத்தையும் சுமத்தினார். தாம் எவரையும் அடித்ததில்லை என்றும், பாசறையில் பணிசெய்த மருத்துவரை மன்றுக்கு இழுத்தல் மரபன்று என்றும் சினந்தார். மருத்துவர் சங்கத்தார் ஆமெனத் தலையசைத்தனர். அவ்வளவில் அமர்ந்திருப்பாராயின் வழக்கு எம் கையைவிட்டு நழுவியிருக்கும். ஆனால் தம் கைத்திறனைப் புகழாமல் அவரால் அமர இயலவில்லை. வதைத்தபோதெல்லாம் கைதிகளின் மணிக்கட்டைத் தாமே பிடித்திருந்ததாகவும், நாடி தளர்ந்தால் நிறுத்தச் சொல்லி, தேறியபின் தொடரலாம் என்றதாகவும், அதனாலேயே ஒருவரும் சாகவில்லை என்றும், இந்நுண்மை பிறர்க்கு வாய்க்காது என்றும் பெருமிதத்தோடு உரைத்தார்.

வங்கன் விலங்கிட்ட கையை நீட்டி, "ஐயா வைத்தியரே, இப்பவும் கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க! நீங்க பேசப் பேச என் நாடி குதிச்சு ஓடுது" என்றார். அவையோர் நகைத்தனர். மன்றில் நகைத்தல் முறையன்று எனக் கடிந்துகொள்ள வாயெடுத்த யாமும் நகைத்தோம்.

பின்னர் யாம் அளித்த தீர்ப்பு இது. வதையின் அளவை அறிந்து சொன்னவர், வதைத்தவரோடு ஒப்பர். அவர் உயிரைக் காத்தது மீண்டும் வதைப்பதற்கே. ஏவியவன் மாண்டதால் உடன்பட்டவர் தூயவராகார். மருந்தறிவு மிக்கவர்க்குப் பொறுப்பும் மிகும். பாசறை அதற்கு விலக்கன்று. விடங்கர் சிறை புகுவார். இனி எவர் நாடியையும் தொடார். அவர்தம் உறுதி வீழ்ந்ததால் ஒப்புதலும், ஒப்புதலோடு கொலைத்தண்டமும் வீழ்ந்தன. தலையசைத்த சங்கத்தார் மறுநாள் புண்ணுக்கு மருந்தோடு வந்தனர். முதலில் சோறு, கைபிடிப்பதெல்லாம் பிறகு என வங்கன் அவர்களை வாயிலில் நிறுத்திவிட்டார்.

விலங்கு நீங்கியதும் அவர்கள் கேட்டது மீன்குழம்பு. எம் மலைநாட்டில் கடல்மீன் ஏது? ஆற்றுமீனை உண்டு, உப்புப் போதாது, புளியும் பழையது என ஒன்பதின்மரும் ஒருசேரக் குறைகூறினர். அக்குறையைக் கேட்டு நகரமே மகிழ்ந்தது. அரண்மனைச் சமையற்காரர் மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆதலின் வேந்தர் ஆணை: ஆற்றுவழிச் சுங்கச் சாவடியார் எவரும் இவர்தம் படகை நிறுத்தற்க. தாமே ஓட்டிச் செல்வோம் என அவர்கள் பிடிவாதமாய் இருப்பதால், எம் படகோட்டிகள் துடுப்பைத் தர மறுக்கற்க. அரசியார் நன்றி ஓலை விடுக்க வேண்டா. எம் நாடு செய்த தீங்கை எம் நாடே நீக்கியதற்கு நன்றி பெறுதல் நாணத்தக்கது. விருந்துக்கு அழைப்பின் மறுக்கமாட்டோம்.

வேந்தரின் யானை முத்திரை இட்டு, மன்றத்தார் கேட்கப் படித்து, படகுக்கு முன்னே குதிரையில் விடுத்தது. ஓலை கொண்டு செல்வோனுக்கு ஆணை: அரசியார் பொறுத்தருள்வாராக, ஒன்பது இல்லங்களின் வாயிலிலும் இதனை முதலில் படித்துக் காட்டுக. அரசவை சற்றே காத்திருக்கலாம். அவ்வில்லத்தார் காத்திருந்தது போதும்.